பேக்கேஜ் சிக்கிக்கொண்டால் எந்த வழி: சரிசெய்வதா, பின்வாங்குவதா, புதிதாகப் போடுவதா?

லினக்ஸ் கணினியில் ஒரு சின்ன நிரலை, அதாவது அதன் பேக்கேஜை (நிரலின் கோப்புகள் அடங்கிய கட்டு), நிறுவப் போனீர்கள். டெர்மினலில் நாலு வரி ஓடியது, 'ஈ:' என்று ஆரம்பிக்கும் ஒரு வரியோடு நின்றுவிட்டது. இப்போது அந்த நிரலும் வரவில்லை, வேறு எதையும் நிறுவவும் முடியவில்லை. விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்பார் ஒருவர். ஃபோர்ஸ் போட்டுத் தள்ளு என்பார் இன்னொருவர். 'இதோடு மல்லுக்கட்டாதே, புதிதாகவே போட்டுவிடு, அரை மணி நேர வேலை' என்பார் மூன்றாமவர். மூன்றும் ஏதோ ஓர் இடத்தில் சரியான யோசனைதான். இடம் மாறிவிட்டால் மூன்றுமே வினையில் முடியும்.

நான் அதிகம் புழங்கியது டெபியன், உபுண்டு வகையறாவில். அதனால் கீழே அவற்றின் பேக்கேஜ் நிர்வாகிகளான ஆப்டும் டிபிகேஜியும்தான் அடிக்கடி வரும். ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே போன்ற பிற லினக்ஸ் வகைகள் (டிஸ்ட்ரோக்கள்) எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே சொல்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படியில் நின்றது?

ஆப்ட் ஒரு பேக்கேஜை நிறுவும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. களஞ்சியத்திலிருந்து (பேக்கேஜ்கள் இருக்கும் சர்வர்) பட்டியலையும் கோப்புகளையும் கொண்டுவருவது ஒன்று. எது எதைச் சார்ந்திருக்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும் என்று கணக்குப் போடுவது இன்னொன்று. கடைசியாக டிபிகேஜியைக் கூப்பிட்டு, பேக்கேஜைப் பிரித்து அடுக்கி, அதன் அமைவு ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்வது. டிபிகேஜி 1994-இல் வந்தது. நாலு வருடம் கழித்து ஆப்ட் அதன் தோளில் ஏறி உட்கார்ந்தது. இன்றும் அப்படித்தான்: கொண்டுவருவதும் கணக்கும் ஆப்டின் பாடு, வட்டில் கை வைப்பது டிபிகேஜியின் பாடு.

வழியைத் தேர்ந்தெடுக்க இந்தப் பிரிவு ஒன்றே பாதி போதும். கொண்டுவருவதிலோ கணக்கிலோ தடங்கல் என்றால் உங்கள் கணினியில் இன்னும் எதுவும் மாறவில்லை. நேற்று இருந்த மாதிரியே இருக்கிறது. அந்த நிலையில் ஃபோர்ஸ் போடுவதும் ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுவதும், கதவு பூட்டியிருக்கிறது என்று சுவரை இடிப்பதுதான். மூன்றாவது படியில் நின்றிருந்தால்தான் பாதி வெந்தும் வேகாததுமாக ஏதோ கிடக்கிறது என்று அர்த்தம். அங்கேதான் யோசிக்க வேண்டும்.

எந்தப் படி என்று எப்படித் தெரியும்? கடைசி வரியைப் பார்த்தால் தெரியாது. 'சப்-ப்ராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எரர் கோட் (1)' என்ற வரியைத்தான் எல்லோரும் நகலெடுத்துக்கொண்டு உதவிக்கு வருவார்கள். அந்த வரி, டிபிகேஜிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. காரணம் அதற்கு மேலே, சில சமயம் முப்பது வரி மேலே இருக்கும். டெர்மினலை மூடிவிட்டாலும் பரவாயில்லை, /வார்/லாக்/ஆப்ட் கோப்புறையில் டெர்ம்.லாக் என்ற கோப்பில் டிபிகேஜி சொன்ன அத்தனையும் பதிவாகியிருக்கும். பக்கத்திலேயே ஹிஸ்டரி.லாக் இருக்கிறது, எந்தத் தேதியில் எந்தக் கட்டளையால் எது வந்தது, எது போனது என்று அதில் பார்க்கலாம். நான் முதலில் திறப்பது இந்த இரண்டையும்தான்.

வழிகளை ஒப்பிடும்போது நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்வேன்: இந்த முயற்சி தோற்றால், இப்போது நிற்கிற இடத்துக்காவது திரும்பி வர முடியுமா? எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அப்புறம்.

காத்திருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் பேக்கேஜ் புகார்களில் கணிசமானவை காத்திருந்தாலே தீர்ந்துவிடும்.

பூட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் நிறுவாமல் தடுப்பது அது. ஆப்ட் 'குட் நாட் கெட் லாக்' என்று சொல்லி, இன்ன எண்ணுள்ள ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பூட்டை வைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். பெரும்பாலும் அந்தப் பெயர் 'அன்அட்டெண்டட்-அப்கிர்' என்று வால் வெட்டுப்பட்டு இருக்கும். பயப்பட வேண்டாம், லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையக்கரு) ப்ராசஸ் பெயரில் 15 எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கணினியைத் திறந்ததும் பின்னணியில் பாதுகாப்பு அப்டேட்களை நிறுவிக்கொண்டிருக்கும் நிரல் அது. ஐந்து பத்து நிமிடம் விட்டால் தானே முடித்துக்கொண்டு போய்விடும்.

இந்த இடத்தில்தான் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனை வரும். டெபியனில் அது ஏன் தவறு என்பதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. அங்கே கோப்பு இருப்பதே பூட்டு கிடையாது. /வார்/லிப்/டிபிகேஜி/லாக் என்ற கோப்பு எப்போதும் இருக்கும், யாரும் எதுவும் நிறுவாத நேரத்திலும் இருக்கும். ஓடுகிற ப்ராசஸ் அந்தக் கோப்பின்மேல் கெர்னலிடம் கேட்டு வாங்கும் உரிமைதான் பூட்டு. ப்ராசஸ் செத்தால் பூட்டும் தானாகப் போய்விடும். ஆக, பூட்டு இருக்கிறது என்று செய்தி வந்தால் யாரோ உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். நீங்கள் கோப்பை அழித்துவிட்டு ஆப்டை மறுபடி ஓட்டினால், அது புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கி அதில் பூட்டுப் போட்டுக்கொள்ளும். பழைய ப்ராசஸ் அழிந்த கோப்பின் பூட்டோடு தன் பாட்டுக்கு ஓடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கு நோட்டில் எழுதினால் என்னவாகும்? பூட்டுப் பிரச்சினை போய், நோட்டுப் பிரச்சினை வந்துவிடும்.

ஆர்ச்சில் கதை நேர் எதிர். அதன் பேக்கேஜ் நிர்வாகியான பேக்மேன் வைக்கும் /வார்/லிப்/பேக்மேன்/டிபி.எல்சிகே கோப்பு இருந்தாலே பூட்டு என்று கணக்கு. நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அப்படியே தங்கிவிடும், பேக்மேன் ஒவ்வொரு முறையும் பூட்டைக் காட்டி மறுத்துவிடும். அங்கே, வேறு பேக்மேன் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு அழிப்பதுதான் முறை. ஆர்ச் ஆள் தன் அனுபவத்தில் சொன்ன சரியான யோசனை உபுண்டு ஆள் கையில் தவறாகப் போவது இப்படித்தான்.

காத்திருந்தால் தீரும் இன்னும் இரண்டு. 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்பது பெரும்பாலும் மிரர் சர்வர் (களஞ்சியத்தின் நகலை வைத்திருப்பது) தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் போய் நின்றதால் வருவது. சில மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் வேறு மிரருக்கு மாறி, /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் கோப்புறையில் உள்ளதை அழித்துவிட்டு மறுபடி 'ஆப்ட் அப்டேட்' கொடுங்கள். அங்கே இருப்பது இறக்கிய பட்டியல்கள் மட்டுமே, திரும்ப வந்துவிடும். அடுத்தது, உபுண்டுவில் சில பேக்கேஜ்கள் 'கெப்ட் பேக்' என்று நிற்பது. 21.04 முதல் ஆப்ட், அப்டேட்களை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் சதவீதம் சதவீதமாகத் திறக்கும் முறையை மதிக்கிறது. உங்கள் முறை இன்னும் வரவில்லை, அதுதான் விஷயம். இதைப் பழுது என்று நினைத்து வலுக்கட்டாயமாக இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை இழுத்திருக்கிறேன்.

இடையில் ஒன்று. 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்' என்று வந்தால் களஞ்சியத்தைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கணினி ஏதோ பழைய தேதியில் நின்றிருக்கும். அதன் கண்ணுக்கு இன்றைய கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்தது போலத் தெரியும்.

சரிசெய்வது

பேக்கேஜ் நிர்வாகியின் சொந்தக் கருவிகளைக்கொண்டே சரிசெய்வதுதான் பெரும்பாலான நேரத்தில் சரியான வழி. சலிப்பான வழியும் இதுதான்.

நிறுவும்போது மின்சாரம் போயிற்று, மடிக்கணினி அணைந்தது என்றால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. பிரித்து அடுக்கிவிட்டு அமைவு ஸ்கிரிப்டை ஓட்டாமல் விட்டவற்றை விட்ட இடத்திலிருந்து முடிக்கும். பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. சார்புகளில் ஓட்டை இருந்தால் அடைக்கும். இவை இரண்டும் ஆபத்தில்லாதவை, ஒரு நிபந்தனையோடு: இரண்டாவது கட்டளை நீக்கப்போவதாகக் காட்டும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஒய் அழுத்த வேண்டும். ஓட்டையை அடைக்க அது சேர்க்கவும் செய்யும், கழற்றவும் செய்யும். முன்னோட்டம் மட்டும் பார்க்க '-எஸ்' சேர்த்தால் போதும்.

பட்டியலைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் நடந்ததே சாட்சி. களஞ்சியத்தில் இருந்த ஒரு பதிப்புக் குழப்பத்தால், கேம் நிரலான ஸ்டீமை நிறுவினால் டெஸ்க்டாப்பையே கழற்ற வேண்டும் என்று ஆப்டின் கணக்கு வந்தது. ஆப்ட் அதைச் சொல்லவும் செய்தது. 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழு வாக்கியத்தையும் அடித்தால்தான் செய்வேன் என்றது. அடித்தவர்கள் டெஸ்க்டாப் இல்லாத கறுப்புத் திரையில் போய் விழுந்தார்கள்.

சார்புக் கணக்கில் சிக்கல் என்றால் எனக்கு அதிகம் உதவியது 'ஆப்ட்-கேஷ் பாலிசி' கட்டளை. ஒருமுறை வீடியோ நிரல் ஒன்றின் புதிய பதிப்புக்காக வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்திருந்தேன். சில மாதம் கழித்து வேண்டாம் என்று நீக்கினேன். களஞ்சியம் போய்விட்டது, அது கொண்டுவந்த லைப்ரரிகள் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்புகள்) போகவில்லை. அதற்கப்புறம் எதை நிறுவினாலும் 'அன்மெட் டிபென்டன்சீஸ்': இந்த பேக்கேஜுக்கு அந்த லைப்ரரியின் இன்ன பதிப்புதான் வேண்டும், நிறுவப்போவதோ வேறு பதிப்பு. பார்த்த மாத்திரத்தில் களஞ்சியம்தான் உடைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் 'ஆப்ட்-கேஷ் பாலிசி' என்று அடித்து லைப்ரரியின் பெயரைக் கொடுத்ததும் படம் தெளிவானது. கணினியில் இருக்கும் பதிப்புக்கு நேராக 100 என்ற எண்ணும் உள்ளூர் நிலைக்கோப்பின் (நிறுவியவற்றின் பதிவேடு) பெயரும் மட்டும்தான் இருந்தன. எந்தக் களஞ்சிய முகவரியும் இல்லை. அதற்குக் கீழே, 500 என்ற எண்ணோடும் முகவரியோடும் உபுண்டுவின் பழைய பதிப்பு இருந்தது. தாய் தகப்பன் இல்லாத ஒரு பேக்கேஜ் கணினியில் உட்கார்ந்துகொண்டு இடத்தைக் கொடுக்க மறுக்கிறது, அவ்வளவுதான்.

500 பெரியது, 100 சிறியது, பிறகு ஏன் ஆப்டே மாற்றிக்கொள்ளவில்லை? புதியதிலிருந்து பழையதற்கு இறங்குவதை அது தானாகச் செய்யாது. முன்னுரிமை எண் 1000-ஐத் தொட்டால்தான் இறங்கும். அதனால் கையால், பேக்கேஜ் பெயருக்குப் பின் சமக்குறி போட்டுப் பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்து, சிக்கிய ஏழெட்டு லைப்ரரிகளையும் ஒரே கட்டளையில் இறக்கினேன். ஒவ்வொன்றாக இறக்க முயன்றால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், சேர்த்துத்தான் இறக்க வேண்டும். உபுண்டுவின் பிபிஏ (தனிநபர்கள் பராமரிக்கும்) களஞ்சியம் என்றால் இதையே 'பிபிஏ-பர்ஜ்' என்ற கருவி செய்துதரும். கணக்கு ரொம்பச் சிக்கலானால் 'ஆப்டிடியூட்' நல்லது. அது ஒரு தீர்வைச் சொல்லும், வேண்டாம் என்றால் அடுத்ததைச் சொல்லும், அது சொல்லச் சொல்ல நீங்கள் பேரம் பேசலாம்.

சரிசெய்ய முடிகிற, ஆனால் பலரும் கைவிட்டுவிடுகிற இன்னொன்று /பூட் (கெர்னல்கள் இருக்கும் இடம்) நிரம்பிப்போவது. வட்டைக் குறியாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனியாக, சின்னதாக இருக்கும். கெர்னல் மேல் கெர்னலாகச் சேர்ந்து ஒருநாள் இடமில்லை என்று நிற்கும். பழையதை நீக்க 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்தால், பாதியில் நிற்கும் நிறுவலை முதலில் முடி என்று சொல்லும். முடிக்கப் போனால் இடமில்லை என்று சொல்லும். வட்டம். இங்கே ஆப்டை விட்டுவிட்டு நேரே டிபிகேஜியிடம் போக வேண்டும். 'யுநேம் -ஆர்' கொடுத்து இப்போது ஓடுகிற கெர்னல் எது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத் தொடவே கூடாது. மற்றவற்றில் ஆகப் பழைய ஒன்றை மட்டும் 'டிபிகேஜி --பர்ஜ்' மூலம் நீக்கினால் மூச்சுவிட இடம் கிடைக்கும். அப்புறம் ஃபிக்ஸ்-புரோக்கன், அப்புறம் ஆட்டோரிமூவ். பத்து நிமிடம். இதற்காக ஓஎஸ்ஸையே புதிதாகப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

'டிஎஃப் -எச்' இடம் இருக்கிறது என்று காட்டியும் 'இடமில்லை' என்றே வந்தால் 'டிஎஃப் -ஐ' பாருங்கள். ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடம்) தீர்ந்திருக்கலாம். கெர்னல் ஹெடர் பேக்கேஜ்களில் ஆயிரக்கணக்கில் பொடிக் கோப்புகள் இருக்கும், அவை தின்றுவிடும்.

சில நேரம் குற்றவாளி பேக்கேஜ் நிர்வாகியே கிடையாது. ஒரு சர்வர் நிரலை நிறுவுகிறீர்கள், அமைவு ஸ்கிரிப்ட் கடைசியில் சேவையைத் தொடங்கிப் பார்க்கிறது, அதற்கான போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) ஏற்கெனவே வேறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, சேவை தொடங்கவில்லை, ஸ்கிரிப்ட் தோல்வி, பேக்கேஜும் தோல்வி. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' பார்த்துப் போர்ட்டைக் காலி செய்துவிட்டு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்தால் முடிந்தது.

பலவந்தம்

ஃபோர்ஸ் கட்டளைகளை மொத்தமாகத் தீண்டத்தகாதவை என்று ஒதுக்குபவன் அல்ல நான். ஆனால் அவற்றுக்குள் தராதரம் உண்டு.

'--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்' ஒப்பீட்டளவில் சாது. இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்பைக் கொண்டுவரும்போது, இரண்டாவது வருவது முதலில் இருப்பதன்மேல் எழுதட்டும் என்று அனுமதிக்கிறது. எந்தக் கோப்பு என்று பிழைச் செய்தியிலேயே பெயர் இருக்கும். அது ஒரு ஐகானோ மொழிபெயர்ப்புக் கோப்போ என்றால் நான் யோசிக்காமல் அனுமதிப்பேன். லைப்ரரி என்றால், ஏன் இரண்டிலும் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான்.

'--ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்' அப்படி இல்லை. சார்பு இல்லாமலே நிறுவு என்று அதற்குச் சொன்னால் நிறுவிவிடும். மறுநாள் நீங்கள் ஆப்டில் என்ன கேட்டாலும், முதலில் இந்த ஓட்டையை அடை என்று அது அடம்பிடிக்கும். ஃபெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் டிபிகேஜியின் இடத்தில் இருக்கும் ஆர்பிஎம்மின் '--நோடெப்ஸ்' இதற்குச் சகோதரன். '--ஃபோர்ஸ்-ஆல்' எல்லாத் தடுப்பையும் சேர்த்துக் கழற்றுவது. அது தேவைப்பட்ட ஒரு சந்தர்ப்பம்கூட எனக்கு நினைவில்லை. ஆர்ச்சில் பலவந்தம் மாறுவேடத்தில் வரும். 'பேக்மேன் -எஸ்ஒய்' என்று, எல்லாவற்றையும் மேம்படுத்தும் யூ எழுத்து இல்லாமல் கொடுத்து ஒரு பேக்கேஜை மட்டும் நிறுவுவது பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் பட்டியல் புதிது, கணினி பழையது என்ற கலப்பு நிலையில் கொண்டுபோய் நிறுத்தும். பகுதி மேம்படுத்தலை ஆர்ச் ஆதரிப்பதில்லை என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

பலவந்தமே சரியான வழியாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பிரிண்டர் டிரைவரைத் தனிக் கோப்பாக இறக்கி நிறுவினேன். பாதியில் செத்தது. அதற்கப்புறம் ஆப்ட் எதைத் தொட்டாலும், அந்த பேக்கேஜை மறுபடி நிறுவ வேண்டும், ஆனால் அதன் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றது. 'டிபிகேஜி -எல்' பட்டியலில் எல்லா வரியும் 'ஐஐ' என்று தொடங்க, இது மட்டும் 'ஐஎச்ஆர்'. முதல் எழுத்து, நிறுவ விரும்பினாய் என்கிறது. இரண்டாவது, பாதிதான் நிறுவியிருக்கிறது. மூன்றாவது ஆர், மறுபடி நிறுவாமல் நீக்கவும் விடமாட்டேன். இறக்கிய கோப்போ எங்கோ போய்விட்டது. இந்த முடிச்சுக்கென்றே 'டிபிகேஜி --ரிமூவ் --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக்' இருக்கிறது. அந்த ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுத்தேன், போய்விட்டது. ஒரே பேக்கேஜ், அதை வேறு எதுவும் சார்ந்திருக்கவில்லை, வேறு வழியும் இல்லை. மூன்றும் சேர்ந்தால்தான் நான் இதைச் செய்வேன்.

நீக்கும் ஸ்கிரிப்டே பிழையாக இருந்து நீக்க முடியாமல் போவதும் உண்டு. /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ கோப்புறையில் அந்த பேக்கேஜின் பெயரில் உள்ள ஸ்கிரிப்டைத் திறந்து இரண்டாவது வரியில் 'எக்சிட் 0' சேர்ப்பது பழைய உத்தி. முரட்டுத்தனம்தான், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்தால் பாதகமில்லை. ஆனால் அந்தக் கோப்புறை முழுவதையும் காலி செய்யச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்தால் எந்த பேக்கேஜுக்கு எந்தக் கோப்பு சொந்தம் என்ற பதிவே போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

நிலைக்கோப்பே கெட்டுவிட்டது என்றால், அதாவது /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் காலியாகவோ குப்பையாகவோ இருந்தால், அதற்கும் பலவந்தம் தேவையில்லை. டெபியன் அதன் பழைய நகல்களை /வார்/பேக்கப்ஸ் கோப்புறையில் சேர்த்துவைக்கிறது. நேற்றையதை எடுத்து வைத்துவிட்டு, இடையில் நிறுவியதை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.

பின்வாங்குவது

திரும்பி வர முடியுமா என்ற என் கேள்விக்கு ஆகச் சரியான பதிலைத் தருவது இந்த வழிதான், முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால். பிரச்சினை வந்த பிறகு இதைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் இதன் ஒரே பெரிய குறை.

ஃபெடோராவின் பேக்கேஜ் நிர்வாகி டிஎன்எஃப். அதில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி' எல்லா மாற்றங்களையும் எண்ணிட்டு வைத்திருக்கும், 'அண்டூ' கொடுத்தால் அந்த எண்ணில் நடந்ததைத் திருப்பும். கேட்க நன்றாக இருக்கிறது. நிறுவியதைக் கழற்றுவதில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மேம்படுத்தலைத் திருப்ப பழைய பதிப்பு களஞ்சியத்தில் இருக்க வேண்டுமே? ஃபெடோராவின் அப்டேட் களஞ்சியம் ஆகப் புதியதை மட்டுமே வைத்திருக்கும். இடைப்பட்ட பதிப்பு கிடைக்காமல் அண்டூ பாதியில் கையை விரிப்பது சகஜம். ஆர்ச்சில் இந்தக் கவலை குறைவு. இறக்கிய பழைய பேக்கேஜ்கள் /வார்/கேஷ்/பேக்மேன் கீழே தங்கியிருக்கும், 'பேக்மேன் -யூ' மூலம் அங்கிருந்தே பழைய பதிப்புக்கு இறங்கலாம். அந்தக் கோப்புறையைச் சுத்தமாகத் துடைத்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு விஷயத்தில் நஷ்டப்படுவார்கள். டெபியனுக்கு ஸ்னாப்ஷாட் என்ற காப்பகத் தளம் இருக்கிறது, பழைய பதிப்புகள் அங்கே கிடைக்கும்.

கோப்பமைப்பையே பழைய நிலைக்குத் திருப்புவது அடுத்த ரகம். ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பும் ஸ்னாப்பர் கருவியும் சேர்ந்து, அதன் பேக்கேஜ் நிர்வாகியான ஜிப்பர் ஓடும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் பதிவு) எடுத்துவிடும். உடைந்தால் பூட் மெனுவிலேயே பழையதைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைக் கேட்டால் பேக்கேஜ் பழுதுக்கு இவ்வளவு நிம்மதியான ஏற்பாட்டை வேறு எந்த டிஸ்ட்ரோவும் பெட்டியைத் திறந்தவுடன் தருவதில்லை. லினக்ஸ் மின்ட்டில் வரும் டைம்ஷிஃப்டும் நல்லதுதான், ஆனால் அதை நீங்கள்தான் முதலில் இயக்கி வைக்க வேண்டும்.

ஒரு கண்ணி இருக்கிறது. ஓப்பன்சூசே, ஸ்னாப்ஷாட்டில் /வாரைச் சேர்ப்பதில்லை. டேட்டாபேஸும் லாகும் பின்னுக்குப் போய்விடக் கூடாதே என்பதற்காக. அப்படியானால் பேக்கேஜ் பதிவேடு /வாரில் இருந்தால் என்னவாகும்? கோப்புகள் நேற்றையவை, பதிவேடு இன்றையது. இதனால்தான் ஆர்பிஎம் பதிவேட்டை /யூஎஸ்ஆர் கீழே மாற்றிவிட்டார்கள், ஃபெடோராவும் 36-இலிருந்து அதே வழிக்கு வந்தது. டிபிகேஜியின் பதிவேடு இன்னும் /வார்/லிப்பில்தான். ஆக, டெபியனில் பிடிஆர்எஃப்எஸ் போட்டு /வாரைத் தனித் துணைப்பகுதியாகப் பிரித்து வைத்திருப்பவர்கள், பின்வாங்கியபின் டிபிகேஜி ஒன்று சொல்ல வட்டில் வேறொன்று இருப்பதைப் பார்ப்பார்கள். பிரிக்கும்போதே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சுற்றிப்போவது

ஒரே ஒரு நிரலின் புதிய பதிப்பு வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு என்றால், சிஸ்டம் பேக்கேஜ்களையே தொடாமல் ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் எதிலாவது எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகள் அதனோடோ ஒரு பொது ரன்டைமிலோ வந்துவிடும். ஆப்டுக்கு எதுவும் தெரியாது, எதுவும் உடையாது. விலை, வட்டில் சில நூறு எம்பி, அப்புறம் 'என் கோப்புறையை ஏன் இந்த நிரலால் பார்க்க முடியவில்லை' என்ற வகைச் சிக்கல்கள். நான் மேலே சொன்ன வீடியோ நிரலை இப்போது ஃபிளாட்பேக்கில்தான் வைத்திருக்கிறேன். டிரைவர், கெர்னல் மாட்யூல் போன்றவற்றுக்கு இந்த வழி ஆகாது.

பைதான்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பை சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுவதும், /யூஎஸ்ஆர்/பின் கீழே பைதான்3 சுட்டும் இடத்தை மாற்றுவதும் ஆப்டைச் சுற்றியுள்ள கருவிகளை உடைக்கும் நேர்வழிகள். அவற்றில் பல பைதானில் எழுதியவை. டெபியன் 12 முதல் பிப் 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று சொல்லி மறுப்பது உங்களைத் தொந்தரவு செய்ய இல்லை. வென்வ் (தனிப் பைதான் சூழல்) ஒன்றை உண்டாக்கி அதற்குள் என்ன வேண்டுமோ செய்யுங்கள்.

புதிதாகப் போடுவது

அரை மணி நேர வேலை என்பது உண்மைதான், நிறுவல் மட்டும். மீதி, பழைய அமைப்புகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்வதில் இரண்டு வாரம் இழுக்கும். மூன்று நிலைகளில் நான் தயங்காமல் இதைச் செய்வேன்.

ஒன்று, டெபியன்காரர்கள் ஃபிராங்கன்டெபியன் என்று அழைக்கும் கலவை: நிலையான பதிப்பில் சோதனைப் பதிப்பின் களஞ்சியத்தைச் சேர்த்து, உபுண்டுவின் பிபிஏவையும் சேர்த்து, லிப்சி6 என்ற அடிப்படை லைப்ரரி வரை மேலேறிவிட்ட கணினி. லிப்சியைக் கீழிறக்குவது யாரும் ஆதரிக்காத வேலை. அதன்மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது. இரண்டு, ஆதரவு முடிந்து பல வருடமான பதிப்பு. உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு) அல்லாதவற்றுக்கு 9 மாதம்தான். அதற்குப் பின் களஞ்சியம் 'ஓல்ட்-ரிலீசஸ்' சர்வருக்குப் போய்விடுவதால் எல்லாம் 404 ஆகும். ஒரு படி பின்தங்கியிருந்தால் முகவரியை மாற்றி மேம்படுத்தலாம். நாலு படி என்றால் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு பழுது காத்திருக்கும். மூன்று, காரணமே சொல்ல முடியாதபடி ஒவ்வொரு முறையும் வேறு வேறு பேக்கேஜில் கோப்பு கெட்டுப்போவது. ஆனால் அப்போது முதலில் 'டிமெஸ்ஜி' (கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) பாருங்கள், மெமரியைச் சோதியுங்கள். வட்டோ ராமோ சாகிற நிலையில் புதிதாகப் போட்டால், புதிய ஓஎஸ்ஸும் அடுத்த மாதம் இதே இடத்துக்கு வரும்.

போடும் முன் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' தரும் பட்டியலை ஒரு கோப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்டு நிறுவியவையும் ஓஎஸ் போடும்போதே வந்த சிலவும் அதில் இருக்கும், சார்புகளாகத் தானே வந்தவை இருக்காது. /ஈடிசி (அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம்) முழுவதையும் நகலெடுங்கள். டேட்டாபேஸ் இருந்தால் அதன் கோப்புகளை நகலெடுப்பதோடு நிறுத்தாமல் டம்ப்பும் (டேட்டாபேஸ் நிரலே எழுதித்தரும் ஏற்றுமதிக் கோப்பு) எடுங்கள். /ஹோம் தனிப் பகுதியில் இருந்தாலும் பேக்கப் எடுங்கள். நிறுவும் திரையில் ஒரே ஒரு டிக் தவறினால் அதுவும் அழியும்.

சர்வர் என்றால் இந்த வரிசை கொஞ்சம் மாறும். கட்டமைப்பு முழுவதும் ஸ்கிரிப்ட்டாக எழுதி வைத்திருப்பவர்களுக்குப் புதிதாகப் போடுவதுதான் முதல் வழி, பழுதுபார்ப்பது வெட்டி வேலை. கையால் கட்டிய பழைய சர்வர் என்றால் விர்ச்சுவல் மெஷினை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மேலே சொன்ன சலிப்பான வழியில் நிதானமாகப் போக வேண்டியதுதான்.

எந்த வழியில் போனாலும், புதிதாகப் போட்டது தவிர, முடிவில் இரண்டு கட்டளைகளை ஓட்டிப் பாருங்கள்: 'ஆப்ட்-கெட் செக்', அப்புறம் 'டிபிகேஜி --ஆடிட்'. முதலாவது சார்புகளைச் சரிபார்க்கும், இரண்டாவது பாதியில் நிற்கும் பேக்கேஜ்களைத் தேடும். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் செக்' இந்த வேலையைச் செய்கிறது. ஆடிட் ஒரு வரிகூடக் காட்டாமல் திரும்பினால், முதலில் நிறுவ வந்த அந்தச் சின்ன நிரலை இப்போது நிறுவிக்கொள்ளலாம்.